பாஸ்டர் வீட்டில் முனியாண்டி

மலை நகரமான தானா ராத்தாவின் கடைவரிசையில், சலாஹுதீன் பாயின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் தமிழ்ச் சபை ஒன்று கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கீழே ரொட்டி தட்டும் சத்தமும் மேலே பாட்டுக்குக் கைதட்டும் சத்தமும் சேர்ந்துதான் தெருவுக்கு வரும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்தும் திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் அறுபது, எழுபது பேர் வருவார்கள். பதினாறு வருடங்களாக அவர்களுக்குப் பிரசங்கம் செய்து வருகிறவர் பாஸ்டர் புனிதன்.

பிரசங்கத்தைவிட அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது எழுத்துதான். மாதம் ஒரு முறை, 'வீட்டோடு ஒரு வார்த்தை' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதுவார். புருஷன் பெண்டாட்டி சண்டை, பிள்ளைகளின் கைப்பேசி, மாமியார் மருமகள், குடி, ஜெபம் எல்லாம் அதில் வரும். சின்னச் சின்ன வாக்கியம், தோட்டத்து ஆட்கள் பேசுகிற மாதிரி. நகல் எடுத்துக் கொடுப்பார். பிறகு அது கைப்பேசி வழியாக ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விடும். முகம் தெரியாதவர்கள் கூப்பிட்டு, "பாஸ்டர், எங்க வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டு எழுதின மாதிரி இருக்கு லா" என்பார்கள். அதைக் கேட்க அவருக்குப் பிடிக்கும்.

புனிதன் என்பது அவர் தாமாக வைத்துக்கொண்ட பெயர். தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை பார்த்த மாடசாமிக்கு மூத்த மகனாகப் பிறந்தவர். பெற்றவர் வைத்த பெயர் இருளப்பன். இளமையில் காய்கறி லோரி ஓட்டினார், குடித்தார், இரண்டு தடவை லோரியைப் பள்ளத்தில் இறக்கினார். ஈப்போவில் சிநேகிதன் ஒருவன் சபைக்கு அழைத்துப் போனான். குடி நின்றது. இருபத்தெட்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்துப் பெயரையும் மாற்றிக்கொண்டு லயத்துக்கு வந்தபோது மாடசாமி கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டார். "சாமிய மாத்திக்கிட்ட, சரி. அந்தப் பேரு எங்கப்பா பேருடா. அது உன்னை என்ன பண்ணுச்சு?"

அன்றிலிருந்து இருபத்துநான்கு வருடம் அவர் மகன் வீட்டுப் படி ஏறியதில்லை. கல்யாணம், சாவு என்றால் பார்த்துக்கொள்வார்கள். மற்றபடி மகள் சீதாவோடு லயத்து வீட்டிலேயே இருந்தார்.

கடந்த ஆண்டு ஜூன் மாதம் சீதா அண்ணனுக்குப் போன் செய்தாள். புருஷன் அர்ஜுனனுக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருந்தது. தோட்டத்து வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். ஈப்போவில் பார்த்திருந்த வீடு நான்காவது மாடி, லிப்ட் கிடையாது.

"அப்பாவுக்கு முட்டி சுத்தமா போச்சுண்ணே. நாலு மாடி எப்படி ஏறுவாரு? நீதான் வச்சிக்கணும்."

"அவர் வருவாரா?"

"கேட்டேன். 'ஏன், அவன் வீட்ல என்னைச் சேப்பானாமா?'ன்னு கேக்கறாரு."

மாடசாமி இரண்டு பைகளோடு வந்து இறங்கினார். மூன்றாவதாக, துண்டில் சுற்றிய சட்டம் போட்ட படம் ஒன்று கையில் இருந்தது. தோட்டத்து முனியாண்டி கோயிலில் என்றைக்கோ வாங்கியது. பாஸ்டர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி துண்டை விலக்கிக் காட்டினார்.

"இருளப்பா, இவரும் நானும் ஒண்ணாத்தான் இருப்போம். வெள்ளிக்கிழமை சூடம் கொளுத்துவேன். ஒத்துக்காதுன்னா இப்பவே சொல்லிடு. முதியோர் இல்லம் ஒண்ணை விசாரிச்சு வச்சிருக்கேன்."

புனிதன் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி மலர் பைகளை எடுத்துக்கொண்டாள். பாலர் பள்ளி ஆசிரியை, மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். "உள்ள வாங்க மாமா. ரெண்டாவது ரூம் உங்களோடது. அதுல நீங்க என்ன வேணா வச்சிக்குங்க" என்றாள். முனியாண்டி கிழக்குச் சுவரில் ஏறினார்.

அன்று இரவு புனிதனுக்குத் தம் பழைய எழுத்து ஒன்று நினைவுக்கு வந்தது. ஆறு வருடங்களுக்கு முன் அவர் எழுதிய பக்கங்களில் ஒன்றுக்கு, 'ஒரு வீடு, ஒரு பீடம்' என்று தலைப்பு. விசுவாசி ஒருவன் தன் கூரையின் கீழ் இன்னொரு வழிபாட்டுக்கு இடம் கொடுக்கலாகாது, பெற்றவர்களே ஆனாலும் அன்பாக, ஆனால் உறுதியாக மறுத்துவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். அவர் எழுதியவற்றில் அதிகம் பேர் பகிர்ந்துகொண்டது அதுதான்.

அப்பா வீட்டுக்கு வந்திருப்பதை மட்டும் சபையில் சொன்னார். படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஜூலை மாதம் பிள்ளைகளின் தேர்வுப் பயம் பற்றி எழுதினார். ஆகஸ்டில் சிக்கனம் பற்றி எழுதினார். வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறோம் என்றவர்களிடம், சபை மாடியிலேயே கூடிக்கொள்ளலாமே என்றார். அப்பாவும் மகனும் இந்த மூன்று மாதத்தில் பேசிக்கொண்டது மழையையும் முட்டிவலியையும் பற்றித்தான். ஆனால் தினமும் காலையில் புனிதன் அப்பாவின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். மாடசாமி காலை நீட்டிக் காட்டினார். இருவருக்கும் அது பழகிவிட்டது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி இருக்கும். சபையின் செயலாளர் கருப்பையா நன்றியறிதல் கூட்டம் பற்றிப் பேச, முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்டார். திரிங்காப்பில் முட்டைக்கோஸ் போடுகிறவர், அறுபது வயதுக்காரர், சபை தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவர். கூடத்தில் உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்தார். சூட வாசனை. இரண்டாவது அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மாடசாமி நெற்றி நிறையத் திருநீறோடு படத்துக்கு முன்னால் கை கூப்பி நின்றிருந்தார்.

கருப்பையா அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"எத்தினி நாளா, பாஸ்டர்?"

"அப்பா வந்ததிலிருந்து, அண்ணே."

"ஜூன்லேருந்தா?"

"ஆமா."

"எங்கம்மா ஒரே ஒரு சாமி படந்தான் வச்சிருந்தாங்க. உங்க பேப்பரைப் படிச்சிட்டு நாந்தான் எடுத்துடுங்கன்னு சொன்னேன். அன்பா, உறுதியா. நீங்க எழுதின மாதிரியே. அவங்க கம்போங் ராஜாவுல தம்பி வீட்டுக்குப் போயிட்டாங்க. எட்டு மாசத்துல செத்துட்டாங்க. நான் போனப்ப எடுத்துட்டாங்க, மொகம் பாக்கல." எழுந்துகொண்டார். "அந்தப் பேப்பரை பிளாஸ்டிக் போட்டு என் வீட்டுச் சுவத்துல மாட்டி வச்சிருக்கேன், பாஸ்டர்."

மலர் கொண்டுவந்த காப்பியைத் தொடாமலே போனார். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் சபைக்கு வரவில்லை.

கருப்பையாவின் அம்மா இறந்த விஷயம் புனிதனுக்குத் தெரியும். துக்கம் விசாரிக்கப் போய் ஜெபித்துவிட்டும் வந்திருக்கிறார். அந்த அம்மாள் எதற்காக மகன் வீட்டைவிட்டுப் போனாள் என்று அப்போது அவர் கேட்கவில்லை. கருப்பையாவும் சொல்லவில்லை. புனிதன் அலமாரியில் தேடி அந்தப் பழைய பக்கத்தை எடுத்து வாசித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தது. வாக்கியங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடின. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. அதை எழுதிய நாளில் தனக்கு வயதான பெற்றோர் யாரும் கூட இல்லை என்பதும், அப்பா தன் படி ஏறவே மாட்டார் என்ற நிச்சயத்தில் எழுதியது அது என்பதும் இப்போது விளங்கியது.

"நீ இதைப் படிச்சியா அப்ப?" என்று மலரைக் கேட்டார்.

"நீங்க எழுதி முடிச்சப்புறம் யார்கிட்ட கேக்கறீங்க? அச்சான பிறகு படிச்சேன். 'இதுல வர்ற அம்மா எங்க போவாங்க?'ன்னு கேட்டேன். 'அது கட்டுரைக்குத் தேவையில்ல'ன்னு சொன்னீங்க."

அப்படிச் சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பார் என்பதில் சந்தேகமும் இல்லை.

திங்கட்கிழமை காலை திரிங்காப்புக்குப் போனார். கருப்பையா கொட்டகையில் முட்டைக்கோஸின் வெளி இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு நின்றார். சுற்றி வேலையாட்கள் கூடைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டரைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"அண்ணே, மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எதுக்கு? எழுதினதுக்கா, மறைச்சதுக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுல எது தப்பு, அதைச் சொல்லுங்க மொதல்ல. எங்கம்மாவைப் போகச் சொன்னது சரின்னா உங்கப்பாவை வச்சிருக்கறது தப்பு. உங்கப்பாவை வச்சிருக்கறது சரின்னா..." ஒரு முட்டைக்கோஸைக் கூடையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"எழுதினதுதான் தப்பு" என்றார் புனிதன்.

"அப்ப அதை எங்கிட்ட வந்து கொட்டகையில சொல்லாதீங்க. நான் அதைப் படிச்சது தனியா இல்ல. எல்லாரும்தான் படிச்சோம். மேடையில சொல்லுங்க."

அந்த வாரம் புனிதன் பிரசங்கத்துக்கென்று எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் பழைய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். முதலிலிருந்து கடைசிவரை அதை அப்படியே வாசித்தார். சிலர் வழக்கம்போல் தலையாட்டினார்கள்.

பிறகு சொன்னார்: "இதை நான் ஆண்டவர் பேரால எழுதினேன். ஆண்டவர் இதைச் சொல்லல. எனக்கு அவர் ஒருத்தர்தான், அதுல மாற்றம் இல்ல. ஆனா வயசான அம்மாவோட அறையில என்ன இருக்கணும்னு சட்டம் போட அவர் என்னை அனுப்பல. பெத்தவங்களை மதிக்கச் சொன்னார், அவ்வளவுதான். என் வீட்ல எங்கப்பா இருக்கார். அவர் சாமி படமும் இருக்கு. ஜூன் மாசத்திலிருந்து உங்ககிட்ட மறைச்சேன். பயந்துதான் மறைச்சேன். இந்தப் பேப்பரை நம்பி யாராவது வீட்ல ஒரு முடிவு எடுத்திருந்தீங்கன்னா, அந்தப் பாவத்துல பாதி என்னோடது."

கருப்பையாவின் பெயரை அவர் சொல்லவில்லை. கருப்பையா அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

இரண்டு குடும்பங்கள் சபையை விட்டு விலகின. யாரோ ஈப்போ தாய்ச் சபைக்கு எழுதிப் போட, புனிதனை அழைத்து இரண்டு மணிநேரம் விசாரித்தார்கள். ஊழியத்தில் தொடரலாம், ஆனால் இனி எழுதுவதை முதலில் அங்கே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவர் மறுப்புச் சொல்லவில்லை. தாமாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். ஈப்போவுக்கு அனுப்புவதற்கு முன் மலரிடம் வாசிக்கக் கொடுத்தார். அவள் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதுவாள். பதில் தெரியாத இடங்களை அவர் அடித்துவிடுவார். பக்கங்கள் இரண்டிலிருந்து ஒன்றாகச் சுருங்கின. பகிர்கிறவர்களும் குறைந்தார்கள்.

மேடையில் புனிதன் பேசியதை அன்றே மாடசாமிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை எண்ணெய் தேய்க்கும்போது, "எனக்காக உன் வேலைக்கு ஆபத்து தேடிக்காதடா" என்றார்.

"உங்களுக்காக இல்லப்பா."

"அப்பச் சரி" என்று மற்றக் காலை நீட்டினார். கொஞ்சம் கழித்து, "நான் போனா கொள்ளிய மருமகன் வைக்கட்டும். உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். தூக்கறப்ப மட்டும் நீ முன்னால நில்லு" என்றார். வேறு யாருக்கோ செய்யும் ஏற்பாடுபோல்தான் அதைச் சொன்னார்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் மாடசாமி மார்புச்சளி கண்டு ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்து இறந்துபோனார். மகன் அப்பாவைக் குளிப்பாட்டினார். பண்டாரம் சடங்கு செய்தபோது ஒதுங்கி நிற்காமல் அறைக்குள்ளேயே நின்றார். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தார். மருமகன் அர்ஜுனன் கொள்ளி வைத்தார். சபையிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். முனியாண்டி படத்தைச் சீதா ஈப்போவுக்கு எடுத்துப் போனாள்.

கருப்பையாவும் சாவுக்கு வந்திருந்தார். சபைக்குத் திரும்பவில்லை, செயலாளர் பதவியையும் விட்டுவிட்டார். ஆனால் மாடசாமி இருந்தபோது, புனிதன் இல்லாத மத்தியான நேரங்களில் அவர் இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்து கிழவரோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதாக மலர் பிறகு சொன்னாள். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "மருந்து அடிக்கற மெஷினைப் பத்தித்தான். அப்புறம் சும்மா உக்காந்திருப்பாங்க" என்றாள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் கருப்பையா போன் செய்தார்.

"பாஸ்டர், நாளைக்கு வேலை இருக்கா?"

"இல்லண்ணே."

"கம்போங் ராஜாவுக்குப் போவணும். தம்பி வீட்டுக்கு. அம்மா போனதிலிருந்து நாங்க பேச்சு வச்சிக்கல. தனியாப் போனா வாசல்லயே திரும்பிடுவேன். நீங்க கூட வாங்க. ஜெபம் எல்லாம் வேணாம். அவன் ஏன் இப்படிப் பண்ணினேன்னு கேப்பான். பேப்பரை எழுதினவர் இவர்தான்னு காட்டணும்."

புனிதன் போனார். தம்பிக்காரர் இருவரையும் வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். கருப்பையா சொல்ல வேண்டியதைச் சொன்னார். புனிதன் தாம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். தம்பிக்காரர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் பாஸ்டரைப் பார்த்து, "எட்டு மாசமும் அவங்க தெனம் ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதை எழுதுவீங்களா?" என்றார்.

"நீங்க சம்மதிச்சா எழுதுறேன்."

"வேணாம்" என்றார் அவர். உள்ளே திரும்பி மூன்று தேத்தண்ணி போடச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. அண்ணனும் தம்பியும் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளிக்கு வந்திருக்கும் நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பாஸ்டர் தேத்தண்ணியைக் குடித்தார். மழை பிடிக்கும்வரை அங்கேயே இருந்தார்கள்.