மூன்று சுழி நிர்வாணம்

போர்டு எழுதுகிற அக்கா என்றால் அந்தக் கடைத்தெருவில் தெரியாதவர் கிடையாது. முடிவெட்டும் கடையிலிருந்து பல் டாக்டர் வாசல்வரை எல்லாம் அவள் கைவண்ணம்தான். எழுத்து என்றால் உயிரை விடுவாள். அர்த்தத்தைப் பற்றி அலட்டிக்கொள்ள மாட்டாள். அதைப் பார்த்துச் சொல்லவென்று ஏணியைப் பிடித்தபடி கீழே அவள் கணவன் நிற்பான்.

ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். அக்கா தனியாகப் போனாள். டயர் கடைக்கு மேல்மாடியில், ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் தியான வகுப்பு தொடங்கவிருந்தார். அவர் சொன்ன பெயர், ‘நிர்வாண தியான நிலையம்’. மூன்று சுழி ‘ண’வை அவ்வளவு பெரிதாக எழுதும் யோகம் அக்காவுக்கு அதுவரை அடித்ததில்லை. மஞ்சளில் எழுதி, நீலத்தில் நிழல் கொடுத்து, தானே சொக்கிப்போய் நின்றாள்.

மறுநாள் காலையில் டயர் கடைக்காரர் போன் செய்தார். சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

“அக்கா, ஓடி வாங்க! ஒருத்தர் வந்து, சட்டையைக் கழட்டி எங்கே மாட்டுறதுன்னு என்கிட்டே கேக்கறாரு!”

அக்கா போனபோது தெருவே அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மா மாடிப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“பழைய புத்தகமாப் படிச்சுப் படிச்சு, ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னே மறந்துட்டேம்மா. அழிச்சிடு.”

“அழிக்கறேன். அதுக்கு முன்னாடி சொல்லுங்க, நீங்க என்ன நெனச்சு வெச்சீங்க?”

“அணைஞ்சு போறதுன்னு அர்த்தம். காத்து பட்டு விளக்கு அணையற மாதிரி. ஆசை, கோபம், மயக்கம்னு உள்ளே எரியற தீ அடங்கிப் போச்சுன்னா, அதுதான் நிர்வாணம். புத்தர் வழியில வந்தவங்க அப்படிச் சொன்னாங்க.”

“அப்புறம் எப்படி அது துணியில்லாம நிக்குது?”

நர்ஸம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “துணியையும் துறந்த துறவிகளைப் பாத்து வந்திருக்கலாம். நிச்சயமாத் தெரியல.”

அக்காவுக்குத் தலைக்குள் ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். “அப்போ தியானம்?”

“அது சீனாவுக்குப் போய் ‘சான்’ ஆச்சு. ஜப்பானுக்குப் போய் ‘ஜென்’ ஆச்சு.”

“அடேங்கப்பா! வெளிநாடு போனதும் பேரையே மாத்திக்கிச்சா!”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அக்கா ஏணியில் ஏறினாள். ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. கீழே சிவப்பில் ஒரு வரி சேர்த்தாள்: ‘உடையோடு வரவும்.’

அந்த ஒரு வரியால் வகுப்பு களைகட்டியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வாரம் ஒரு சொல்லை நர்ஸம்மா விளக்குவதும், அதைக் கரும்பலகையில் அக்கா கொட்டை எழுத்தில் எழுதுவதும் வழக்கமாயிற்று.

‘யோகம்’ எழுதிய வாரம், காய்ச்சல் தெளிந்த கணவனும் வந்திருந்தான். மாட்டை நுகத்தில் பூட்டுவது, இணைப்பது என்பதுதான் அதன் வேர் என்றார் நர்ஸம்மா.

“அப்போ எனக்குக் கல்யாணத்தன்னிக்கே யோகம் வந்துடுச்சு,” என்றான் அவன், கழுத்தைத் தடவிக்கொண்டே.

கூடம் கொல்லென்று சிரித்தது. அக்கா திரும்பாமலே சாக்பீஸை அவன்மேல் வீசினாள். அது பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த டயர் கடைக்காரர் மடியில் விழுந்தது.