காற்றில் சொன்ன ஒரு ‘வேண்டாம்’

இந்த நாட்டில் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி வேண்டுமா என்று ஒரு தடவைதான் கேட்பார்கள். மரியாதைக்கு வேண்டாம் என்றால் போச்சு, பேச்சு வேறு பக்கம் போய்விடும். சிட்னிக்கு வந்த புதிதில் நான் இழந்த காப்பிகள் ஏராளம். நம் ஊரில் முதல் ‘வேண்டாம்’ என்பதை யார் மதித்தார்கள்? சம்பந்தி வீட்டார் சாப்பிட ஒரே ஒரு தடவை கூப்பிட்டதற்காக, கல்யாணப் பந்தியில் உட்காராமலே திருச்சிக்குப் பஸ் ஏறியவர் என் பெரியப்பா. நானும் அந்த வம்சம்தான். சிட்னிப் புறநகரான கெல்லிவில்லில் சொந்த வீடு கட்டி, வார இறுதியில் புல் வெட்டும் ஆளாக மாறிய பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை.

என் மகள் காவ்யாவுக்கு மலையேற்றப் பைத்தியம். போன குளிர்காலத்தில் வானிலை கெட்டு, உச்சிக்குப் போகாமலே திரும்பி வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அடுத்த வருடம் படிக்கப் பெர்த்துக்குப் போகிறாள். அங்கே பனி ஏது? “இதுதான் கடைசி சான்ஸ்பா. நீயும் வாயேன்” என்றாள். இந்த வயதில் மகள் அப்பாவைக் கூப்பிடுவதே பெரிது. உடனே கிளம்பிவிட்டேன்.

ஸ்னோயி மலையில் ஒரு மலையேற்றக் குழுவோடு சேர்ந்து, பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள் மாட்டி, கையில் பனிக்கோடரியோடு ஏறினோம். உச்சிக்குக் கீழே கடைசி மேட்டில் காற்று ஆளைத் தள்ளியது. காதருகே வந்து கத்தினால்தான் பேச்சு கேட்டது. நான்தான் கடைசி. எனக்காக எல்லோரும் குளிரில் காலை உதறிக்கொண்டு நின்றது எனக்கு வெட்கமாக இருந்தது. குழுத் தலைவர் பீட்டர் ஒவ்வொருவரிடமும் மேலே போகலாமா என்று கேட்டார். காவ்யா உட்பட எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

எனக்கும் போக ஆசைதான். ஆனால் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: “எனக்கு வேண்டாம், களைப்பாக இருக்கிறது. நீங்கள் போய்விட்டு வாருங்கள்.” அட, இதோ உச்சி தெரிகிறது, வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று நின்றேன்.

“நோ வொரீஸ், மேட்” என்றார் பீட்டர். கையை உயர்த்திச் சுழற்றினார். மொத்தக் குழுவும் கீழ்நோக்கித் திரும்பியது. பனியில் யாரையும் தனியாக விடக்கூடாது, ஒருவர் வேண்டாம் என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். சம்பிரதாயப் பேச்சு என்று நான்தான் தலையாட்டி வைத்திருந்தேன்.

“இல்லை, இல்லை, என்னால் வர முடியும்!” என்று பதறினேன். அவர் என் தோளில் தட்டி, எங்களுக்காகச் சிரமப்பட வேண்டாம் என்றார். முதலில் சொன்னது மரியாதை, பிறகு சொன்னது உண்மை. மனிதர் தலைகீழாக எடுத்துக்கொண்டார். இறங்கும்போது என் கால்கள் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்தால், அவர் எடுத்துக்கொண்டதுதான் சரியோ என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

காரை காவ்யா ஓட்டினாள். மலைச்சாலை முடிந்ததும் கேட்டாள்:

“நிஜமாவே முடியலையாப்பா? இல்ல சும்மா சொன்னியா?”

“தெரியலம்மா.”

“உனக்கே தெரியலையா?”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. “பக்கத்துலதானே நின்ன? நீயாவது இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாமே?”

அவள் சட்டென்று என்னைப் பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. “எனக்கும் போகணும்னு ஆசைதான்பா. ஆனா நீ வேண்டாம்னு சொன்னே. நான் உன்னை நம்பினேன்.”

என் மகளும் ஒரு தடவைதான் கேட்பவள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை அப்படி வளர்த்ததும் இந்த ஊர்தான், நானும்தான். கண்ணாடியில் மலை சிறிதாகிக்கொண்டே போனது. காருக்குள் அவளோடு வந்தவன் பாதி ஆள். மீதிப் பாதி, யாராவது இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்களா என்று அந்த மேட்டுக் காற்றிலேயே நின்றுகொண்டிருந்தது.