பத்தாவது வளைவில் ஒரு பளபளப்பான பஸ்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நான் செய்த தப்பையும் சேர்த்து.

ஏற்காடு வெள்ளக்கடை ஊர் சென்றாயன் மாமா வியாழக்கிழமை காலை இறந்துவிட்டார். மாரடைப்பு...

இது அப்பாவின் ஐடி. எழுதுவது அவர் மகள் யாழினி, பதினொன்றாம் வகுப்பு. மாமாவிடம் வண்டியைப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அப்பாவின் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்கெல்லாம் அவர் டிங்கரிங், பெயிண்டிங் கடைக்காரர். எனக்கு... இரண்டு வருடமாக எதிரிப் படைத் தளபதி.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக: உலகம் அழிந்துவிட்டது. மிஞ்சிய கொஞ்சம் பேர் தண்ணீருக்கும் டீசலுக்கும் அடித்துக்கொள்கிறார்கள்.

இதை மேசை மேல் கட்டைவிரல் உயரப் பொம்மைகளை வைத்து, டைஸ் உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்தி விளையாட வேண்டும். பொம்மை, வண்டி, இடிந்த கட்டடம் எல்லாவற்றையும் நாமே செய்து பெயிண்ட் அடிப்பதில்தான் பாதி சந்தோஷம்.

முதல் தடவை அவர் கடைக்குப் போனது, மீந்த பிரைமர் கொஞ்சம் கேட்க. "எந்த வண்டிக்கு கண்ணு?" என்றார். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து என் அட்டை லாரியை எடுத்துக் காட்டினேன்.

"பிரைமர் அடிச்சப்புறம் இதுமேல துரு வரணும் மாமா. எந்தக் கலர் கலக்கலாம்?"

"ஏனுங்க, முப்பது வருசமா துருவ மறைச்சுத்தான் சோறு திங்கறேன். நீ என்ன, காசு குடுத்து துருவக் கேக்கற?"

மறுவாரம் போனால் அவரே ஒரு பஸ் செய்து வைத்திருக்கிறார்! பட்டி டப்பா தகரத்தை வெட்டி மடக்கியது. மஞ்சள் பெயிண்ட், மேலே இரண்டு கோட் லேக்கர், சீரியல் செட் பல்பும் பேட்டரியும் வைத்து ஹெட்லைட். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்.

"மாமா, உலகமே அழிஞ்சு போச்சு. பஸ் மட்டும் எப்படிப் புதுசா இருக்கும்?"

"பெயிண்டர் ஒருத்தன் பொழச்சுட்டான்னு வெச்சுக்க."

ஒரு நாள் அவர் வெளியே போன நேரம் பம்பரில் பசை தடவி டீத்தூள் தூவினேன். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் துரு! வந்ததும் பனியன் துணியால் துடைத்துவிட்டார். "கடை பேரு கெட்டுரும் சாமி."

கடை ஷெட்டில் இரண்டு டிரம் மேல் ஒரு பழைய கதவு. அதுதான் எங்கள் சேர்வராயன் மலை. தேய்ந்த உப்புத்தாள் தார் ரோடு, பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் மரங்கள். அவர் பஸ் அடிவாரத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறும். என் கொள்ளைக்கார லாரி டீசல் பிடிக்க மேலிருந்து இறங்கும்.

இங்கேதான் சண்டை. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் அல்லவா? அந்த ரூலை அவர் விளையாட்டிலும் சேர்த்துவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் வாயாலேயே ஹார்ன் வேறு...

"மாமா, இவங்க கொள்ளைக்காரங்க!"

"கொள்ளையடிக்கறவனும் ஏற்காட்டுக்காரன்தானுங்க? ஏறற வண்டிக்கு வழி உடாம போவானா?"

கெஞ்சிக் கெஞ்சி ஒரு விதிவிலக்கு வாங்கினேன். இறங்குகிற வண்டியின் முன்சக்கரம் முதலில் வளைவுக்குள் நுழைந்துவிட்டால், ஏறுகிற வண்டி காத்திருக்க வேண்டும். அப்படியும் இரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.

இப்போது என் தப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை பத்தாவது வளைவில் என் லாரிக்கு இரண்டே இஞ்ச் பாக்கி. அவர் பஸ் கீழே இன்னும் தள்ளி நின்றது. யாரோ கீறல் விழுந்த ஸ்கூட்டரோடு வர, அவர் எழுந்து போனார்.

லாரியைத் தள்ளிவிட்டேன். இரண்டு இஞ்ச்.

திரும்பி வந்து மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னிக்கு நேரமாச்சு கண்ணு, மீதி அடுத்த ஞாயித்துக்கிழம" என்றார். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்... வியாழன் முந்திக்கொண்டது.

இன்று சாயங்காலம் ராணி அத்தை கூப்பிட்டனுப்பினார். மாமாவின் மனைவி. "நொம்ப சாமான் கெடக்குது கண்ணு, உன்னோடத எடுத்துக்க. கதவு இங்கியே இருக்கட்டும்."

ஷெட்டுக்குள் போனேன். என் லாரி அதே இடத்தில். ஆனால் தள்ளி நின்ற பஸ், வளைவுக்குள் நுழைந்து லாரியோடு மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு இஞ்ச், ஸ்கூட்டர், எல்லாம்.

"அதா? நீ ஊட்டுக்குப் போனப்புறம் டேப்ப வெச்சு அளந்துட்டு ஒரே சிரிப்பு. 'புள்ள ரெண்டு இஞ்ச் தள்ளிட்டா ராணி, நான் மூணு தள்ளிட்டேன். வந்து என்ன சொல்றான்னு பாக்கறேன்'னாரு."

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அத்தையும். வாசலில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூணு, மாமா! என்னைவிட ஒன்று அதிகம்!

டேப்பை எடுத்து அளந்து லாரியை இரண்டு இஞ்ச் பின்னால் வைத்தேன். ஓரம் கட்டினேன். பஸ்ஸை நான் தொடவில்லை, அவர் விட்ட இடத்திலேயே இருக்கட்டும்.

ஹார்ன் மட்டும் நான் கொடுத்தேன். மெதுவாக, ஒரு தடவை.

நீங்க ஏறுங்க மாமா, வழி விட்டாச்சு.

பஸ்ஸுக்கு அடியில் சுவிட்ச். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எரிந்துகொண்டிருந்திருக்கிறது போல, பல்பு மங்கியிருந்தது. ஹெட்லைட்டை அணைத்தேன். அப்புறம் அத்தை ஷெட் லைட்டையும் அணைத்தார்.