பேச்சு முடியட்டும் என்று நின்ற மகள்

குழந்தைகளே, புதுச்சத்திரம் பக்கம் சிறிய கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் குறுக்கே பேசக்கூடாது என்பது என் வெகுநாள் கருத்து. ஐந்தாவது படிக்கும் மகள் மலர்விழியை அப்படியே வளர்த்தேன்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், கடும் வெயில். என் மைத்துனர் வந்திருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே இல்லை என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். பண்ணையிலிருந்து ஓடிவந்த மலர்விழி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“பாருங்க மச்சான், எம்புள்ள எப்படி நிக்கிறாள்னு.”

“ஆமாங்க மாப்ள. எங்கூட்டுப் பசங்களா இருந்தா இந்நேரம் ரெண்டு தடவை கத்தியிருப்பாங்க.”

பேச்சு நீண்டது. அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோதுதான் மகள் வாய் திறந்தாள்.

“அப்பா, கொட்டாயில தண்ணி தெளிக்கிற மோட்டார் நின்னுபோச்சுங்க. கோழியெல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்க.”

“வந்ததும் சொல்றதுக்கென்ன சாமி?”

“நீங்க பேசிட்டிருந்தீங்களேங்க.”

அந்தச் சூட்டில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்துவிடும். மூவரும் ஓடினோம். தொட்டியிலிருந்து குடங்களில் மொண்டு கூரையிலும் கோழிகள் மேலும் ஊற்றினோம். சில செத்துப்போயின. மற்றவையெல்லாம் பிழைத்தன.

மரியாதை வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் அவசரமென்றால் யார் பேசினாலும் குறுக்கே வந்து சொல்லிவிடுங்கள். மகள் பக்கத்தில் வந்து நின்றால் நானும் பேச்சை நிறுத்தி, “என்ன சாமி?” என்று கேட்டுவிடுகிறேன். பாதி நாள் அது ரப்பர் தொலைந்த சங்கதியாக இருக்கும். பரவாயில்லை, மச்சான் காத்திருப்பார்.