பின்னாலிருந்து தள்ளும் வண்டி

என்னிடம் இருப்பது வண்டி. ஞாபகம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பத்மினியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் சித்தப்பா வைத்திருந்தாராம். அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்ததாம். போனட்டின் மேல் கை வைத்து, நடு ஹாலில் கிடத்தியிருக்கும் பெரியவரைத் தடவுவதுபோல் தடவுகிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். போய்விடுகிறார்கள். ஒருத்தராவது "ஒரு ரவுண்டு போகலாமா?" என்று கேட்டதில்லை.

எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். இப்போது கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. காரணம் சொல்கிறேன்.

வாங்கும்போது எனக்கு இருபது சொச்சம் வயது. தி. நகரில் ஒரு விளம்பர ஆபீசில் புடவைகளையும் பிரஷர் குக்கர்களையும் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். வண்டி அடையாறில் ஒரு கண் டாக்டர் வீட்டுக் கொடுக்காப்புளி மரத்தடியில் நின்றிருந்தது. முற்றிய வெண்டைக்காயின் பச்சை. டாக்டரின் மனைவி சாவியைத் தருவதற்கு முன்னால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்டியரிங் கனம்மா. உங்க வீட்டு ஆம்பளைங்க யாராவது வந்து எடுத்துட்டுப் போகட்டுமே" என்றார். நான் சாவிக்காக நீட்டிய கையை மடக்கவே இல்லை.

அன்றைக்கு அடையாறு பாலத்தின் மேல் முதல் தடவையாக அதைத் தெரிந்துகொண்டேன். பெரியம்மாவின் புது காரை அதற்கு முன் ஓட்டியிருக்கிறேன். அது மூக்கால் இழுத்துக்கொண்டு போகிற வண்டி, நாம் பின்னால் ஒட்டிக்கொண்டு போவோம். இது அப்படி இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இடுப்புக்குப் பின்னால் ஒரு கை வந்து பதிந்தது. போ, என்றது. முன்சக்கரங்களுக்குத் திரும்புவது மட்டும்தான் வேலை. தள்ளுவதெல்லாம் பின்சக்கரங்கள். எஞ்சினின் பலம் முன்னாலிருந்து கிளம்பி, ஒரு நீண்ட இரும்புத் தண்டின் வழியாக, என் கால்களுக்குப் பக்கத்தில், வண்டித் தரையில் இருக்கும் மேட்டுக்கு அடியில் சுழன்றுகொண்டு பின்னால் போய், அங்கிருந்து என்னைத் தள்ளியது. காரின் முதுகெலும்பு ஓடுவது உள்ளங்காலில் தெரியும். கீழே அடையாறு, கறுப்பாக, நாற்றத்தோடு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

அதற்கப்புறம் எத்தனை மழை. பாண்டி பஜார் முனையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் வால் லேசாக நழுவும். பயப்படாமல் ஸ்டியரிங்கை அது நழுவுகிற பக்கமே கொடுத்தால், மன்னித்தேன் என்று நேராகிவிடும். மாட வீதிச் சந்துகளில் மற்ற கார்கள் முன்னால் பின்னால் போய் முக்கிக்கொண்டிருக்கும்போது இது சட்டென்று திரும்பிவிடும். கியர் ஸ்டியரிங்கிலேயே இருந்ததால் முன்சீட்டு நீளமான ஒரே பலகை. மூன்று பேர் உட்காரலாம். நடுவில் எப்போதும் என் ஆபீஸ் தோழிதான். தரை மேட்டின் மேல் இரண்டு காலையும் வைத்து, முழங்கால் முகவாயில் இடிக்க, "அடுத்த ஜென்மத்துலயாவது என்னை ஜன்னல் ஓரமா உக்கார வைடீ" என்பாள். இப்போது அவள் வேறு தேசத்தில் இருக்கிறாள். வண்டியின் படம் அனுப்பினால் சிவப்பு இதயங்களாக அனுப்புகிறாள். ஊருக்கு வந்தபோது வாசலில் வந்து பார்த்தாள், படம் எடுத்தாள், வாடகைக் காரில் ஏறிப் போனாள். ஏசி இல்லாமல் முடியாதாம். நடுவில் உட்கார வேண்டாம், முன்சீட்டு முழுக்க உனக்குத்தான் என்று சொல்லியும் போனாள்.

சரி, அவளை விடுவோம். கோபம் அவள் மேல் இல்லை.

நான் இருப்பது மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்துமிடம். வாரநாட்களில் நான் பறக்கும் ரயிலில் தரமணிக்கு வேலைக்குப் போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னால், லஸ் முனையில் பேப்பர் பிரிக்கிறவர்களைத் தவிர யாரும் இல்லாத நேரத்தில், வண்டியை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் வரை போய்வருவேன். திரும்பும்போது எங்கள் கட்டடத்துக்காரர்களில் பாதிப் பேர் தூக்கத்திலும், மீதிப் பேர் கடற்கரை நடையிலும் இருப்பார்கள். அதனால் என் வண்டி ஓடி அவர்கள் யாரும் பார்த்ததில்லை. பார்க்காதது இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இந்த வருஷம் கீழே புது டைல்ஸ் போட்டார்கள். பால் வெள்ளை. கார் நிறுத்துகிற இடத்தில் பால் வெள்ளை டைல்ஸ் போடுகிறவர்களோடு என்ன பேசுவது? அதை நின்று மேற்பார்வை பார்த்தவர் எங்கள் சங்கத்தின் செயலாளர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டாவது மாடி. என் இடம் மட்டும் பாக்கி இருந்தபோது கூட்டம் போட்டார்.

"இங்க பாரும்மா, நாங்கள்லாம் தீபாவளிக்குத் தீபாவளிதான் எண்ணெய் தேய்ச்சுக்கறோம். ஒன் வண்டி நித்தமும்னா தேய்ச்சுண்டு நிக்கறது. புது டைல்ஸ் என்னத்துக்கு ஆகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நல்ல பேச்சுதான். "அடியில தட்டு வைக்கிறேன் மாமா" என்றேன்.

"தட்டு வேண்டாம். எங்க அக்கா பிள்ளை ஆழ்வார்பேட்டைல காபிக் கடை வச்சிருக்கான், தெரியுமோ? வாசல்ல நிறுத்திக்கறேங்கறான். உள்ள ரெண்டு பேர் உக்காந்துண்டு காபி சாப்பிடறாப்பல பண்ணிடுவான். எஞ்சின எடுத்துட்டு அங்க செடி வச்சுடுவான். லட்சணமா இருக்கும். வரவா போறவாள்லாம் போட்டோ எடுத்துப்பா."

"உங்களை எடுத்துட்டு உங்க நாற்காலில ஒரு குரோட்டன்ஸ் வச்சா லட்சணமா இருக்குமா மாமா?"

இந்தத் தடவை சிரித்தவர்களில் அவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓடுகிற வண்டிக்குத்தான் கட்டடத்தில் இடம், ஓடாத வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டார். கைகள் உயர்ந்தன. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, எல்லோர் கண்ணுக்கும் முன்னால், நான் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆழ்வார்பேட்டை. செடி.

எனக்கு அது ஒரு பரீட்சையாகவே தோன்றவில்லை. போன ஞாயிறுதான் பெசன்ட் நகர் போய்வந்திருந்தேன்.

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்து வந்தேன். என் இடம் காலி. வண்டி நின்றிருந்த இடத்திலிருந்து, பால் வெள்ளை டைல்ஸ் முழுக்க, கேட் வரைக்கும், இரண்டு கறுப்புக் கோடுகள். அவ்வளவு நேரான கோடுகளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவற்றின் பின்னாலேயே நடந்தேன். கேட்டைத் தாண்டி, தெருவில் தார் மேல் மங்கி, தெரு முனை டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துக் குப்பைத்தொட்டி வரை போயின. அங்கே என் வண்டி நின்றது. இழுவை வண்டிக்காரர் கொக்கியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்க வண்டியா மேடம்? இன்னா வண்டி மேடம் இது. முன்னாடி தூக்கிக்கினு போனா எல்லா வண்டியும் பின்னாலயே வரும். இது உள்ள யாரோ குந்திக்கினு பிரேக்கு அடிச்சிக்கினே வர்ற மாறி கீது."

ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி இந்த வண்டிகளை யாரும் நிறுத்த மாட்டார்கள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, முதல் கியரிலும் போட்டுவிட்டுத்தான் இறங்குவோம். வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். அந்த இரண்டும் பிடித்துக்கொள்வது பின்சக்கரங்களை. இந்தக் காலத்துக் கார்களின் பலம் முன்சக்கரத்தில். முன்னால் தூக்கிவிட்டால் பின்னால் சும்மா உருண்டு வரும். என் வண்டியை முன்னால் தூக்கினால், எது பிடித்துக்கொண்டிருக்கிறதோ அதைத்தான் தரையில் தேய்க்கிறார்கள். தேய்த்திருக்கிறார்கள். தெரு முனை வரைக்கும்.

"யார் சொல்லித் தூக்குனீங்க?"

"அந்த வெள்ளை வேட்டி பெரியவரு. டைல்ஸ் ஒட்டணும், ஓரமா நவுத்துன்னாரு."

சாவியைப் போட்டேன். எஞ்சின் உடனே பிடித்தது. முதல் கியர். கிளட்சை விட்டேன். எஞ்சின் பாடியது, அடியில் ஏதோ லொடலொடவென்று அடித்துக்கொண்டது, வண்டி அசையவில்லை. இடுப்புக்குப் பின்னால் அந்தக் கை வரவில்லை.

மாடிக்குப் போனேன். செயலாளர் வாசலில் நின்றபடியே பேசினார். "ஒனக்கு ரெண்டு தரம் போன் பண்ணேனே, நீ எடுக்கலை. டைல்ஸ்காரன் நாளைக்கு வரமாட்டேங்கறான். சித்த நவுத்தச் சொன்னேன், அவ்வளவுதான். பாரேன், டைல்ஸ் பூரா பாழாப் போச்சு. ஒன் வண்டியால."

என் வண்டியால்.

அவர் வேண்டுமென்று செய்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு நல்ல சண்டை, கோயில் வாசல் வரை கேட்கிற மாதிரி. அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவரிடமும் இதே போல ஒரு வண்டி இருந்ததாம், கூட்டத்தில்தான் சொன்னார், ரொம்ப உருகி. வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். எந்தச் சக்கரம் தன்னைத் தள்ளியது என்று கவனிக்காமலேயே ஓட்டியிருக்கிறார். இவ்வளவு உருகுகிறவர்கள் இதைக்கூடவா கவனிக்கவில்லை? எதை நினைத்துத்தான் உருகுகிறார்கள்? நிறத்தையா? ஹாரனையா? கூடப் போனவர்கள் போட்டிருந்த சட்டையையா?

வெள்ளிக்கிழமை திருவல்லிக்கேணியிலிருந்து மெக்கானிக் வந்தார். என் வயதுதான். பல வருஷமாக என் வண்டியைப் பார்க்கிறவர், பார்க்கும் ஒவ்வொரு தடவையும் விற்கச் சொல்கிறவர். குப்பைத்தொட்டிப் பக்கம் அட்டையை விரித்து அடியில் நுழைந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கால் பேசியது.

"கிராஸ் போய்ட்சு அக்கா. தண்டு முனைல கீற ஜாயிண்டு. பவரு பின்னால போவாது. இத்த வித்துட்டு ஆட்டோல போ அக்கா, நீயும் நிம்மதியா இருப்பே, நானும் நிம்மதியா இருப்பேன்."

"உன் நிம்மதிக்கு நான் வண்டி வச்சிருக்கலை. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடணும்."

"கோவத்தப் பாரு. கிராஸ் புதுப்பேட்டைல கெடைக்கும். டயருதான். ரெண்டும் ஒரு பக்கம் தோசைக்கல்லு மாறி தட்டையாப் பூட்ச்சு பாரு. இந்த சைஸு சொல்லி வெச்சாதான் வரும். இதோட ஓட்னா குதிர வண்டி மாறி குதிக்கும், பரவால்லயா?"

பரவாயில்லை என்றேன்.

சனிக்கிழமை தண்டைக் கழற்றிக்கொண்டு போய் மதியத்துக்குள் கொண்டுவந்து மாட்டினார். போகும்போதும் விற்கச் சொன்னார்.

ஞாயிறு எட்டு மணி. நல்ல வெயில் வந்துவிட்டது. தூண்களுக்கு நடுவே எல்லோரும் நின்றார்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி. செயலாளர் கையில் காபி டம்ளர். டைல்ஸ்காரர்கள் ஆசிட் ஊற்றித் தேய்த்தும் அந்த இரண்டு கோடுகளும் போகவில்லை. சாம்பல் நிறமாகி இன்னும் தெளிவாகத் தெரிந்தன. நான் தெரு முனைக்கு நடந்து போய், ஏறி, கதவை அறைந்து சாத்தினேன். கியர். கிளட்ச்.

கை வந்தது. இடுப்புக்குப் பின்னால், அதே இடத்தில். வண்டி நகர்ந்ததும் பின்னால் தட்டையான டயர்கள் ஆரம்பித்தன: தட், தட், தட். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி. கேட்டில் நுழையும்போது அந்தச் சத்தம் தூண்களில் மோதி இரண்டாகியது. மேல்மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். என் இடத்துக்கு முன்னால் போய் நிறுத்தினேன்.

செயலாளர் குனிந்து பார்த்தார். "ஓடறது, சரி. என்னமோ அடிச்சுக்கறாப்பல சத்தம் வர்றதே?"

"அது நீங்க இழுத்த சத்தம் மாமா."

அவர் டம்ளரை டவராவில் வைத்தார். பக்கத்து ஃபிளாட் பெண் போனை எடுத்து என் பச்சை வண்டியைப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். நான் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, "ஏறு, பீச் வரைக்கும் போகலாம்" என்றேன். குக்கர் வைத்திருப்பதாகச் சொன்னாள்.

அப்படியே திருப்பி வெளியே எடுத்தேன். லஸ் முனையில் இப்போது முழு நகரமும் விழித்திருந்தது. பஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஸ்கூட்டரில் போன ஒருவர் "பின் டயரு போச்சு சார்" என்று கத்திவிட்டு, நான் பெண் என்பதைப் பார்த்து "மேடம்" என்று திருத்திக்கொண்டார். அடையாறு பாலத்தின் மேல் கை தள்ளியது, டயர் அடித்தது, கை தள்ளியது. தண்ணீர் அதே கறுப்பு, அதே நாற்றம். நான் சிரிக்கவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை, பெசன்ட் நகர் போய், மணல் ஓரம் வரை போய், வந்தேன்.

இப்போது விடியலில் போவதில்லை. எட்டு மணிக்குத்தான் எடுக்கிறேன். வாரநாட்களிலும் சில மாலைகளில் எடுக்கிறேன், காரணம் எதுவும் இல்லாமல். அந்தச் சாம்பல் கோடுகளின் மேலேயே பின்னால் போய் நிறுத்துகிறேன். கண்ணாடியைப் பார்க்கத் தேவையில்லை. தட், தட் என்று நான் உள்ளே நுழையும்போது இரண்டாவது மாடி பால்கனியில் செய்தித்தாள் ஒரு அங்குலம் இறங்குகிறது.

புது டயர்கள் வந்துவிட்டன. என் பால்கனியில் இருக்கின்றன. மெக்கானிக் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார்.

இன்னும் மாட்டவில்லை.