அட்டைப் படத்தில் அண்ணாவின் தாடி

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணா தாடியோடு நிற்பதைக் கண்டு பலர் திகைக்கக்கூடும். வேலை நாளோ விளையாட்டு நாளோ, காலை ஐந்தரைக்கு முகம் வழித்துவிடுபவர் அவர். அந்தத் தாடியைப் பற்றி எழுதாமல் அவருடைய வாழ்க்கையை என்னால் எழுத முடியவில்லை.

வடமராட்சியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். பாடசாலை அணியிலும், பின்னர் பன்னிரண்டு ஆண்டுகள் ஊர்க் கழகத்திலும் இடது பின்வரிசையில் உதைபந்தாடினார். 1984 மாசியில் ஒக்லாந்து வந்து, மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகை ஒன்றில் சேர்ந்தார். மறு ஆண்டு நானும் அங்கேயே வேலைக்குப் போனேன். கொட்டகைக்கென ஓர் அணி இருந்தது. முழங்கால் பிசகும்வரை அண்ணா அதில் ஆடினார்; பிசகியதும் முதலாளி அவரையே பயிற்சியாளராக்கினார். சனிக்கிழமைகளில் மைதான ஓரத்துச் சுண்ணாம்புக் கோட்டைத் தானே போட்டு, அதற்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்துவார். ஆட்டம் முடியுமுன் ஒரு நாளும் கோட்டைத் தாண்டியதில்லை.

அவருடைய விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வதிவிட அனுமதிக்கு முதலாளியின் கடிதம் வேண்டும். அனுமதி கிடைத்தால்தான் ஊரில் சண்டைக்குள் இருந்த அண்ணியையும் மகளையும் இங்கே அழைக்கலாம். 1986 பருவத்தின் இறுதியாட்டம் முடிந்ததும் கடிதம் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

1986 ஆவணி 13, புதன்கிழமை, முதல்நாள் அப்பா காலமானதாகத் தந்தி வந்தது.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காவது போயிட்டு வாங்கோ அண்ணா" என்றேன்.

"போனா விண்ணப்பம் செத்துப்போம். பிறகு உன்ர அண்ணியும் பிள்ளையும் அங்கயேதான்."

"அப்ப முதலாளிக்காவது சொல்லுங்கோ."

"சொன்னா லீவு தாறன், போயிட்டு வா எண்டுவார். அப்பாவின்ர காரியத்துக்குப் போகமாட்டன் எண்டு என்ர வாயாலை சொல்ல ஏலாது, தம்பி. நீயும் மூச்சு விடாத. ரெண்டு பேரும் தாடி வளர்த்தா ஆக்கள் கேப்பினம். நீ வழிச்சுப்போடு."

இழவுத் துடக்குக் காலமான முப்பத்தொரு நாளும் அவர் முகம் வழிக்கவில்லை. நான் தினமும் வழித்தேன்.

ஒன்பதாம் நாள் பயிற்சியின்போது, பிஜியிலிருந்து வந்த எங்கள் கோல்காப்பாளர், "என்ன கோச், சாமியாராகப் போறீங்களா?" என்றார்.

"ஓம், உம்மை மாதிரிக் கையில ஓட்டையுள்ள ஆளைக் கோலுக்கு விட்டா வேற என்ன வழி?" என்றார் அண்ணா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இறுதியாட்டத்தன்று முதலாளி படம் எடுக்க ஆள் கொண்டுவந்தார். முகத்தை வழித்துவிட்டு வந்து நடுவில் நிற்கும்படி அண்ணாவிடம் சொன்னார். "இந்த மாதம் முடியாது" என்றார் அண்ணா. ஏன் என்று முதலாளி இரண்டு முறை கேட்டபோதும் அண்ணா பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அணி வென்றது. கடிதம் வரவில்லை. "ஒரு சவரத்துக்கே சொல்வழி கேளாதவனுக்கு நான் எப்படி உத்தரவாதம் தருவது?" என்று முதலாளி கொட்டகையில் எல்லார் முன்னாலும் கேட்டார். அண்ணா தலையைக் குனிந்தபடி பெட்டிகளை அடுக்கினார். வேலையை விடவும் வழியில்லை.

பதினான்கு மாதங்களுக்குப் பிறகே கடிதம் கைக்கு வந்தது. அண்ணியும் மகளும் 1988 பங்குனியில் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு அண்ணா இங்கே வாழ்ந்ததும் பதினான்கு மாதங்கள்தான். நாட்குறிப்பை மூன்று முறை புரட்டிப் பார்த்தேன், கணக்கு மாறவில்லை. இவ்வாண்டு வைகாசியில், பயிற்சி முடிந்து கோல் வலையைச் சுருட்டும்போது, மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று.

சென்ற வாரம் முதலாளி தாடி வளர்ந்த என் முகத்தை உற்றுப் பார்த்தார். அண்ணாவுக்காக என்றேன். முப்பத்தொரு நாள் வழக்கம் என்றேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளி, "அன்று அவன் தாடியோடு நின்றானே, அப்போது யார் இறந்தது?" என்று கேட்டார்.

"எங்கள் அப்பா."

 அன்று மாலை அவர் மேசை லாச்சியை இழுத்து ஒரு படத்தை எடுத்துத் தந்தார். அணி வரிசைக்கு அப்பால், கோட்டுக்கு வெளியே, தாடியோடு அண்ணா.

சவப்பெட்டியைச் சுமந்த விளையாட்டு வீரர்களுக்கும், அண்ணிக்கும் மகளுக்கும் சமைத்துக் கொடுத்த அயலவர்களுக்கும், படத்தைத் தந்த முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் படம் எடுத்தபோது அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதில் அண்ணாவின் பக்கத்தில், மழுங்க வழித்த முகத்தோடு, தண்ணீர்ப் போத்தல்களைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்.