மில்லிகிராம் ஸ்மோக் அலாரம் வாங்கிய விதம்

கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஆய்வாளர். எடைக்கல்லை விரலால் தொட மாட்டார். விரல் பிசுக்கு எடையைக் கூட்டிவிடுமாம், இடுக்கியால்தான் எடுப்பார். ஃபேனை நிறுத்தச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் மூச்சு விட்டால் ஒரு பார்வை பார்ப்பார். கடைத்தெருக்காரர்கள் அவருக்கு மில்லிகிராம் என்று பெயர் வைத்தார்கள். அது காதில் விழுந்த அன்று அவருக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

மனைவி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். டாக்டர் கை நீட்டுவதற்குள் சரியான கத்தரியை அந்தக் கையில் வைத்துப் பழகியவள். அப்படிப்பட்டவள், கணவர் நல்ல மெத்தை ஒன்றை ஆராய்ந்து முடிக்கும்வரை ஒன்றரை வருஷம் பாயில் படுத்தாள். பொறுமைக்கு விருது கொடுப்பவர்கள் அந்தப் பக்கம் வந்ததில்லை.

தெருக்கோடி வீட்டில் ஒருநாள் தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டிருந்த போன் வெடித்து, கட்டில் கருகியது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி அன்றே சொன்னாள்: "நம்ம வீட்டுக்கு ஸ்மோக் அலாரம் வாங்கிடலாங்க."

"வாங்கலாம். ஆனா எது?" என்றார் மில்லிகிராம்.

அந்த 'எது' ஏழு மாதம் ஓடியது. அலாரங்களில் ஒரு வகை உள்ளே ஒளிக்கதிரை வைத்துக்கொண்டு, புகை குறுக்கே வந்தால் கத்தும். மெத்தை, பஞ்சு போன்றவை மெதுவாகக் கனல்வதை அது சீக்கிரம் பிடிக்கும். இன்னொரு வகை, குபீரென்று பற்றும் தீயை முதலில் மோப்பம் பிடிக்கும். இதைப் புரிந்துகொள்ள ஒரு மாலை போதும். ஆனால் அவர் கம்ப்யூட்டரில் பெரிய அட்டவணை போட்டார். சத்தத்துக்கு ஒரு கட்டம், பேட்டரிக்கு ஒரு கட்டம், மூடியின் வெள்ளை நிறம் மஞ்சளாக எத்தனை வருஷம் ஆகும் என்பதற்கும் ஒரு கட்டம்.

மனைவியின் தம்பி எலக்ட்ரீஷியன். பொறுக்க மாட்டாமல் ஒருநாள் சொன்னான்: "மாமா, ரொம்ப யோசிக்காதீங்க. படுக்கை ரூம்லயும் வெளி நடையிலயும் ஒளிக்கதிர் அலாரம். சமையலறைல சூட்டைப் பார்த்து அடிக்கிறது, இல்லன்னா தாளிக்கும்போதெல்லாம் கத்தும். ஒண்ணு அடிச்சா எல்லாம் சேர்ந்து அடிக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

"நீ ஒயர் பாக்குறவன். நான் அளவு பாக்குறவன்," என்றார் மாமா. மச்சான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

கடைசியில் அட்டவணையில் நான்கு பெயர்கள் மிஞ்சின. நான்கிலும் ஒவ்வொன்று வாங்கி வந்தார். கம்பெனிக்காரன் சொல்வதை நம்புவதற்கு அவர் என்ன மற்றவர்களைப் போலவா? தானே சோதித்துவிடுவதென்று ஒரு சனிக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தார். மனைவி டியூட்டியில். பன்னிரண்டு வயது மகள் தன் அறையில் காதில் ஹெட்போனோடு. சாப்பாட்டு மேஜையில் நான்கு அலாரங்களையும் வரிசையாக வைத்து, நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டில் பழைய தலையணைப் பஞ்சைக் கொளுத்தினார்.

நான்கும் அடித்தன. அடித்தன என்றால், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும் அளவுக்கு அடித்தன. நேரங்களைக் குறித்துக்கொண்டார். பிறகு சத்தம் தாங்காமல் நான்கின் பேட்டரியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஞ்சின்மேல் அரை டம்ளர் தண்ணீர் தெளித்து, பழைய காகிதம் நிறைந்த பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் கொட்டினார். படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முடிவுகளை அட்டவணையில் ஏற்ற உட்கார்ந்தார்.

மில்லிகிராம் கணக்குப் பார்ப்பவருக்கு, நனைந்த பஞ்சின் உள்ளே நெருப்பு உயிரோடிருக்கும் என்பது தெரியவில்லை. காகிதம் பற்றியது. கூடை உருகியது. ஜன்னல் திரைச்சீலை பற்றியது. மேஜைமேல் நான்கு அலாரங்களும் சாமியார் போல் அமைதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

டியூட்டி முடிந்து வந்த மனைவி கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. அவள் கத்தவில்லை. குனிந்தபடி நேராக மகளின் அறைக்குப் போய், அவள் கையைப் பிடித்து வாசலில் கொண்டுவிட்டாள். வரும் வழியில் படுக்கையறைக் கதவை உதைத்தாள். கொடியில் காய்ந்த போர்வையை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரைச்சீலையைக் கம்பியோடு பிடுங்கிக் கீழே தள்ளி, கூடையோடு சேர்த்து மூடினாள். கணவர் வெளியே வந்தபோது தீ அணைந்திருந்தது. சுவரில் கூரைவரை கரி. அவளுடைய இடது முன்கையில் நான்கு விரல் அகலத்துக்குத் தோல் வழன்றிருந்தது.

"ஒண்ணு கூட அடிக்கலையே," என்றார் அவர், நிஜமான வியப்போடு.

"பேட்டரி எங்க?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "பாக்கெட்ல."

அவள் திரும்பி நடந்தாள். குழாயடியில் கையைக் காட்டியபடி ரொம்ப நேரம் நின்றாள். அவர் பேட்டரிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மகளைப் பார்க்க வாசலுக்குப் போனார். மகள் அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையில் கட்டோடு மனைவி கடைக்குப் போய் அரைமணியில் ஒரு பையோடு திரும்பினாள்.

"எந்த மாடல் வாங்கின?"

"அடிக்கிற மாடல்."

மறுநாள் மச்சான் வந்து மாட்டினான். மில்லிகிராம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு மாத ஆராய்ச்சிக்கு அன்று கிடைத்த பதவி அதுதான். நடையில் மாட்டப்போனபோது மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சுவரோரம் வேண்டாம்ப்பா. மூலைக்குப் புகை லேட்டாத்தான் வரும்." மச்சான் யோசித்து, கூரையின் நடுவுக்கு நகர்த்தினான். சொன்னது சரிதான். அதற்காக யாரும் அவரைப் பாராட்டிவிடவில்லை.

சாயங்காலம் மகள் கேட்டாள்: "இது அடிச்சா எந்தப் பக்கமா ஓடணும்?"

அட்டவணையில் இந்தக் கட்டம் இல்லை. பின்கதவைப் பார்க்கப் போனார்கள். அதை மறித்துப் பழைய பேப்பர் கட்டுகள் இடுப்பளவுக்கு நின்றன. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரிவரை அவர் பேப்பர் தூக்கினார். பூட்டை மச்சான் உடைத்து, உள்ளிருந்தே கையால் திறக்கிற தாழ்ப்பாள் போட்டான்.

அடுத்த ஞாயிறு காலை மனைவி யாரிடமும் சொல்லாமல் அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். வீடு முழுக்க அலறியது. மகள் பின்கதவு வழியாக ஓடி முப்பது வினாடியில் கேட்டருகே நின்றாள். அவர் பாதி முகத்தில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் தீயா சார்?"

"இல்ல, ஒத்திகை."

மனைவி கைக்கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தாள். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்."

"உன் வாட்ச் சரியா ஓடுதா?"

அவள் அவரையே பார்த்தாள். மகள் சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"உள்ள போங்க. இன்னொரு தடவை வாங்க."

துண்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.